ஓஸ்டர்பேக்: ஒரே நாளில் போர் நினைவிடங்களையும் காடுகளையும் நடந்து பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் தங்கியிருக்கிறோம், ஒரு நாள் கையில் இருக்கிறது, பக்கத்து ஊரான ஓஸ்டர்பேக்கின் போர் நினைவிடங்களையும் பசுமையையும் நடந்தே பார்க்க முடியுமா, எங்கே தொடங்குவது? அறுபதைத் தாண்டிய அம்மாவும் உடன் வருகிறார்.

முடியும். மொத்தம் சுமார் 9 கிலோமீட்டர் நடை. அருங்காட்சியகம், சாப்பாடு, உட்கார்ந்து எழும் நேரம் எல்லாம் சேர்த்து ஐந்தரை முதல் ஆறரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பெரும்பாலானவர்கள் அருங்காட்சியகத்தையும் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். இரண்டும் மேட்டில் இருப்பவை. ஆற்றங்கரைக்கு இறங்காமல் திரும்பினால், இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பரில், இங்கே என்ன நடந்தது, ஏன் அப்படி முடிந்தது என்பது பிடிபடவே செய்யாது. அதனால் மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, திரும்ப மேலேறி, கல்லறைத் தோட்டத்தைக் கடைசியில் பாருங்கள். அது ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருப்பதால் வழியும் அப்படித்தான் வசதி.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். 1944 செப்டம்பர் 17 அன்று பிரிட்டனின் முதல் வான்வழிப் படைப்பிரிவு (விமானத்தில் வந்து தரையிறங்கிப் போரிடும் படை), ஆர்னெமில் ரைன் ஆற்றின் மேலிருந்த பாலத்தைப் பிடிக்க பாராசூட்டிலும் கிளைடரிலும் வந்து இறங்கியது. இறங்கிய இடங்கள் பாலத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, வொல்ஃப்ஹேஸ என்ற ஊரின் பக்கம். ஒரு பட்டாலியனும் சில சிறு குழுக்களும் மட்டுமே பாலத்தை எட்டின. மற்றவர்கள் வழியிலேயே ஜெர்மானியர்களால் தடுக்கப்பட்டு ஓஸ்டர்பேக்குக்குப் பின்வாங்கி, ஆற்றில் அடியை ஊன்றி மேலே நீண்ட கட்டைவிரல் போன்ற வடிவத்தில் ஒரு வளையம் அமைத்துக்கொண்டார்கள். தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த நேச நாட்டுத் தரைப்படை ஆற்றைக் கடந்து வந்து சேரும் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்கவில்லை. செப்டம்பர் 25 இரவு, மிஞ்சியவர்களில் சுமார் 2,400 பேர் படகில் தென்கரைக்கு மீட்கப்பட்டார்கள். ஆற்றின் வடகரையில் போரிட்டவர்கள் சுமார் 10,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள், 6,000 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். நீங்கள் நடக்கப்போவது அந்த வளையத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும்தான்.

ஆர்னெம் சென்ட்ரல் நிலையத்திலிருந்து எடே-வாகனிங்கன் போகும் ஸ்ப்ரின்டர் ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஓஸ்டர்பேக். வேகமான இன்டர்சிட்டி ரயில்கள் இங்கே நிற்பதில்லை. அவசரத்தில் அதில் ஏறிவிட்டால் ஊர் ஜன்னலுக்கு வெளியே கடந்துபோவதைப் பார்க்கத்தான் முடியும். டிக்கெட் தனியாக வாங்க வேண்டியதில்லை, தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையே ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியில் காட்டினால் போதும். ஏறும்போது அட்டை, இறங்கும்போது கைப்பேசி என்று மாற்றிக் காட்டக் கூடாது. ஒரே அட்டையாக இருந்தாலும் கருவி அவற்றை இரண்டு வேறு பயணிகளாகவே எடுத்துக்கொள்ளும். ஓஸ்டர்பேக்கில் இறங்கியதும் அட்டையைக் காட்ட மறப்பவர்கள் அதிகம், அது கதவுகள் இல்லாத சிறிய நிலையம். மறந்தால் கூடுதல் தொகை பிடித்துக்கொள்வார்கள். கழிப்பறையையும் இந்த நிலையத்தில் எதிர்பார்க்காதீர்கள், ஆர்னெமிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

நிலையத்திலிருந்து ஸ்டாசியோன்ஸ்வெக் வழியே தெற்கே நடங்கள். 'வெக்' என்றால் சாலை. சுமார் ஒரு கிலோமீட்டர், இருபுறமும் செங்கல் வீடுகளும் பெரிய மரங்களும். இந்தச் சாலை வளையத்தின் கிழக்கு விளிம்பு. ஒரு வீட்டில் பிரிட்டிஷார், எதிர்வீட்டில் ஜெர்மானியர் என்ற நிலையில் நாள்கணக்கில் சண்டை நடந்தது. வீட்டுக்காரர்கள் நிலவறையில் ஒடுங்கிக் கிடந்தார்கள். சாலை உத்ரெக்ட்ஸெவெக்கைச் சந்திக்கும் நாற்சந்தியில் அன்று ஸ்கோனோர்ட் என்ற ஹோட்டல் இருந்தது, காயமடைந்தவர்களுக்கான முக்கிய சிகிச்சை இடம் அதுதான். வளையத்தின் விளிம்பிலேயே அமைந்துவிட்டதால் மருத்துவமனை சில நேரம் ஒரு படையின் கையிலும் சில நேரம் மற்றதன் கையிலும் இருந்தது. நாற்சந்தியில் ஒரு நிமிடம் நின்று நான்கு பக்கமும் பாருங்கள். இடம் எவ்வளவு சிறியது என்பது வரைபடத்தில் தெரியாது.

நாற்சந்தியில் மேற்கே திரும்பி ஐந்து நிமிடம் நடந்தால் இடதுபுறம் வெள்ளை மாளிகையாக ஹார்டன்ஸ்டைன் தெரியும். அன்று ஹோட்டல், பிறகு தளபதி ராய் அர்கார்ட்டின் தலைமையகம், 1978 முதல் வான்வழிப் படை அருங்காட்சியகம். சாலைக்கு எதிர்ப்புறம் புல்வெளியில் உயர்ந்து நிற்கும் நினைவுத்தூணை ஊர்க்காரர்கள் 'ஊசி' என்ற பொருளில் 'நால்ட்' என்கிறார்கள். போர் முடிந்த அதே ஆண்டு, 1945 செப்டம்பரில், அதற்கு அடிக்கல் நாட்டியவர் அர்கார்ட்டேதான். ஊர் அப்போது இடிபாடாகக் கிடந்தது. கூரை போடுவதற்கு முன்பே அந்த மக்கள் தூண் எழுப்பத் தொடங்கினார்கள்.

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு கல், அருங்காட்சியகத்தின் முன்பக்கம் சாலையை ஒட்டி இருக்கிறது. 1994-இல், ஐம்பதாம் ஆண்டில், பிரிட்டிஷ், போலந்து முன்னாள் வீரர்கள் கெல்டர்லாந்து மாகாண மக்களுக்காக வைத்தது. நாங்கள் போரைச் சீக்கிரம் முடிக்க வந்தோம், கொண்டுவந்ததோ உங்களுக்குச் சாவும் அழிவும், ஆனாலும் நீங்கள் ஒருபோதும் எங்களைக் குறைசொல்லவில்லை என்பது அதன் சாரம். வந்த படை, தான் வந்த ஊரிடம் இப்படிப் பேசும் கல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இந்த ஊரில் ஒரே ஒரு நினைவுக்கல்லைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். அடித்தளத்தில் போர்த் தெருவை ஒலியோடும் ஒளியோடும் மீட்டு அமைத்திருக்கிறார்கள். குண்டுச் சத்தமும் மினுங்கும் ஒளியும் அம்மாவுக்கோ சிறு குழந்தைகளுக்கோ ஒத்துக்கொள்ளாது என்றால் அதை விட்டுவிட்டு மேல்தளங்களை மட்டும் பார்க்கலாம். நெதர்லாந்தில் தங்கி வேலை பார்ப்பவராக இருந்து மியூசியம்கார்ட் என்ற அருங்காட்சியக அட்டை வைத்திருந்தால் இங்கே செல்லும். கிளம்பும் முன் கழிப்பறையை இங்கேயே பயன்படுத்திவிடுங்கள், தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் உத்ரெக்ட்ஸெவெக் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் பெரும்பாலும் மரங்கள்தான்.

மாளிகைக்குப் பின்னால் இருக்கும் பூங்கா வழியே தெற்கே இறங்குங்கள். இங்கிருந்த டென்னிஸ் மைதானத்தில்தான் பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகளை வைத்திருந்தார்கள். பூங்கா முடிந்ததும் ஹெமெல்ஸெ பெர்க் என்ற பழைய எஸ்டேட் நிலம் தொடர்கிறது, 'வானுலக மலை' என்று பொருள். அதன் மாளிகை 1944-இல் அழிந்தது, திரும்பக் கட்டப்படவில்லை. பீச் மரங்களும் புல்வெளிச் சரிவும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மீட்பு நடந்த இரவில் வீரர்கள் ஆற்றை நோக்கி இறங்கியது இந்தச் சரிவுகளில்தான். இருட்டு, கொட்டும் மழை. வழி தவறாமலிருக்க மரங்களுக்கிடையே வெள்ளைப் பட்டை கட்டியிருந்தார்கள். சத்தம் கேட்காமலிருக்கப் பூட்ஸின் மேல் துணி சுற்றியிருந்தார்கள்.

நெதர்லாந்தில் ஏது மலை என்று தோன்றலாம். சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பனிப்பாளம், ஆற்று மணலையும் களிமண்ணையும் முன்னால் தள்ளிக் குவித்ததுதான் வேலுவே எனப்படும் இந்த மேட்டுநிலம். ஓஸ்டர்பேக் அதன் தென்விளிம்பு. மணலில் இறங்கும் மழைநீர் களிமண் படுகையைத் தொட்டுச் சரிவின் நடுவில் ஊற்றாக வெளிவரும். அந்த ஊற்றுக்கண்களை மனிதர்கள் தோண்டி அகலப்படுத்தி ஓடையாக்கி, ஒரு காலத்தில் நீராலைகளை ஓட்டினார்கள். இங்கே அடுத்து வரும் எஸ்டேட்டின் பெயரே 'ஓர்ஸ்ப்ராங்', தோற்றுவாய் என்று பொருள். வழியில் மிகத் தெளிந்த ஒரு சிற்றோடையைப் பார்ப்பீர்கள். கரை மென்மையானது, காலை வைத்தால் சரியும், பாதையிலிருந்தே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் கூட்டமாக வந்து தங்கி, கூடத்துக்குள் இல்லாமல் வெளியில் நின்று மரங்களை வரைந்ததும் இந்தச் சரிவுகளில்தான். டச்சு ஓவியத்தில் ஓஸ்டர்பேக் பள்ளி என்று ஒன்று உண்டு, அது இவர்கள்தான்.

கைப்பேசி வரைபடம் இந்தப் பகுதியில் உங்களைத் தார்ச்சாலைக்கே இழுக்கும். நடைப்பயணம் என்று தேர்ந்தெடுத்த பிறகும், 'வெஸ்டர்பவ்விங்' என்று மட்டும் கொடுத்தால் குறுக்குவழியாகச் சாலையோரம் கொண்டுபோகும். ஹெமெல்ஸெ பெர்க்கை நடுவில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹார்டன்ஸ்டைனிலிருந்து வெஸ்டர்பவ்விங் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்ற இறக்கம் இருப்பதால் அம்மாவோடு முக்கால் மணி நேரம் ஆகும்.

வெஸ்டர்பவ்விங் மேட்டின் உச்சியில் நின்றால் ரைன் காலடியில் ஓடுவது போலிருக்கும். இந்த முழு நடையிலும் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுவே. எதிர்க்கரையில் தட்டையான வயல்வெளி, அதற்கு நடுவே ட்ரீல் கிராமத்தின் தேவாலயக் கோபுரம். மேற்கே ஆற்றின் குறுக்கே பெரிய வளைவுகளோடு நிற்பது ட்ரீல் தடுப்பணை. அது போருக்குப் பிறகு, 1970-இல் வந்தது. ரைன் நீர் எந்தக் கிளையில் எவ்வளவு போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதால் 'நெதர்லாந்தின் குழாய்' என்று அழைக்கிறார்கள்.

இப்போது கீழே கரையைப் பாருங்கள். 1944-இல் அங்கே ஒரு படகுத்துறை இருந்தது, வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் பெரிய படகு. இந்த மேட்டை வைத்திருப்பவர் கையில்தான் படகுத்துறை. மேட்டின் மேல் ஒரே ஒரு சிறு பிரிட்டிஷ் படைக்குழு (கம்பெனி) மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. செப்டம்பர் 21 காலையில் ஜெர்மானியர்கள் மேட்டைப் பிடித்தார்கள். அதே நாள் பிற்பகலில் தளபதி சோசபோவ்ஸ்கியின் போலந்து பாராசூட் படை எதிர்க்கரையில், ட்ரீலில், வந்து குதித்தது. படகில் ஏறி இக்கரைக்கு வருவதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட திட்டம். வந்து பார்த்தால் படகு இல்லை, அதற்கு மேலிருந்த மேடு எதிரியிடம். பிறகு இரண்டு இரவுகளில் சிறு படகுகளில் சுமார் 200 பேர் மட்டும் கடந்துவர முடிந்தது. செப்டம்பர் 24 இரவு பிரிட்டனின் டார்செட் படைப்பிரிவினரும் இந்தச் சரிவுக்குக் கீழே கடந்துவந்தார்கள். மேலிருந்து சுட்டவர்களிடம் பெரும்பாலானோர் சிக்கிக்கொண்டார்கள். இதையெல்லாம் படித்தால் தலை சுற்றும், மேட்டில் நின்று ஆற்றைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும். அருங்காட்சியகத்தோடு திரும்ப வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தோல்வியின் பழி பிறகு சோசபோவ்ஸ்கி மேல் சுமத்தப்பட்டது, 1944 டிசம்பரில் படைத்தலைமையிலிருந்து நீக்கினார்கள். லண்டனில் தொழிற்சாலை வேலை செய்து வாழ்ந்து 1967-இல் இறந்தார். நெதர்லாந்து அவருக்கு விருது கொடுத்தது 2006-இல். ட்ரீலில் அவருக்கும் அவருடைய படைக்கும் நினைவிடங்கள் இருக்கின்றன. நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் ஏற்றும் சிறு படகு ஒன்று இன்றும் ஓடுகிறது, ஆனால் குளிர்மாதங்களில் கிடையாது. ஓடும் நாளாக இருந்தால் ட்ரீல் போய்வர இன்னும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். படகு கிடைக்காவிட்டால் நடந்து போக நினைக்காதீர்கள், பாலம் சுற்றி வெகுதூரம்.

மேட்டிலிருந்து இறங்கி கிழக்கே பெனெடன்டோர்ப்ஸ்வெக்கில் திரும்புங்கள், 'கீழூர்ச் சாலை' என்று பொருள். நடைபாதை சில இடங்களில் குறுகல், சைக்கிள்கள் வேகமாக வரும். சிவப்பு நிறத் தார் சைக்கிளுக்கானது, அதில் நின்று படம் எடுக்கக் கூடாது. சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் வலதுபுறம் பழைய தேவாலயம். தொடக்கம் பத்தாம் நூற்றாண்டு, நாட்டின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. இதைச் சுற்றித்தான் சிறு பீரங்கிகளை நிறுத்தி வளையத்தின் அடிப்பகுதியைக் காத்தார்கள். இது விழுந்திருந்தால் ஆற்றுக்குப் போகும் வழியே அடைபட்டிருக்கும். கடைசி இரவின் மீட்பு நடந்ததற்கு இந்த மூலை பிடிகொடுக்காமல் நின்றதுதான் காரணம்.

தேவாலயத்தை ஒட்டிய பழைய பாதிரியார் வீட்டில் கேட் தெர் ஹோர்ஸ்ட் என்ற தாய் தன் ஐந்து குழந்தைகளோடு வாழ்ந்தார். அந்த வீட்டுக்குள் சுமார் 250 காயமடைந்தவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கூடத்திலும் படிக்கட்டிலும் படுத்துக் கிடந்தவர்களுக்கிடையே நடந்து, பைபிளின் 91-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினார். தோட்டத்தில் 57 பேரைப் புதைத்தார்கள். பிறகுதான் அந்த உடல்கள் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. அது இப்போதும் ஒரு குடும்பம் வாழும் வீடு. சாலையில் நின்று பாருங்கள், வாசலுக்குப் போகவோ ஜன்னல் பக்கம் படம் எடுக்கவோ வேண்டாம்.

தேவாலயத்துக்குத் தெற்கே வயல்வழி இறங்கினால் ஆற்றங்கரை. மீட்புப் படகுகள் வந்தது இந்தப் பகுதிக்கு. கனடா பொறியாளர்கள் இயந்திரப் படகுகளையும், பிரிட்டிஷ் பொறியாளர்கள் துடுப்புப் படகுகளையும் விடியும்வரை ஓட்டினார்கள். குளிர்காலத்தில் ஆறு பெருகினால் இந்தப் புல்நிலம் தண்ணீருக்குள் போய்விடும், நிலத்தை அப்படி விட்டு வைத்திருப்பதே வெள்ளத்துக்காகத்தான். பாதை நனைந்திருந்தால் அணையோரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இனி ஏற்றம். வேவர்ஸ்ட்ராட் என்ற கடைத்தெரு வழியே மேலே ஊருக்கு ஒரு கிலோமீட்டர், ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். முட்டிவலி உள்ளவருக்கு இதுதான் கடினமான பகுதி. கிளம்பும் முன் 9292 என்ற பொதுப் போக்குவரத்துச் செயலியில் அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாதியில் ஒரு காபிக்கடையில் உட்காரலாம். அம்மாவால் முழு நடையும் முடியாது என்றால் வெஸ்டர்பவ்விங்குக்கு டாக்ஸியில் போய், இறக்கத்தில் தேவாலயம்வரை மட்டும் நடந்து, மறுபடி டாக்ஸி பிடிப்பது நல்லது. விட வேண்டியது இடைநடையை, அந்த மேட்டை அல்ல.

காடு பற்றிச் சில எச்சரிக்கைகள். வேலுவேயில் உண்ணிகள் அதிகம், லைம் நோயைப் பரப்புபவை. முழுக்காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். மே முதல் ஜூலை வரை ஓக் மரங்களில் கூட்டமாக ஏறும் கம்பளிப்பூச்சிகளின் முடி காற்றிலேயே பறந்து அரிப்பு தரும், எச்சரிக்கைப் பட்டை கட்டிய மரத்தின் கீழ் உட்காராதீர்கள். அக்டோபருக்குப் பிறகு ஈர பீச் இலை சோப்பு போல வழுக்கும். மண்ணில் துருப்பிடித்த உலோகம் எதையாவது பார்த்தால் தொடவே கூடாது. எண்பது ஆண்டுகள் கழித்தும் வெடிக்காத குண்டுகள் கிடைக்கின்றன. இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி நின்று 112-ஐ அழையுங்கள்.

தேதியையும் பாருங்கள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை, 1947 முதல் நடந்துவரும் வான்வழிப் படை நினைவு நடைப்பயணம். பல்லாயிரம் பேர் நடப்பார்கள், நிதானமாக எதையும் பார்க்க முடியாது. நடப்பதற்காகவே வருவதென்றால் முன்பதிவு செய்யுங்கள். அந்த மாதம் முழுக்க வீடுகளில் பறக்கும் சிறகுக் குதிரைக் கொடி அந்த வான்வழிப் படைப்பிரிவின் சின்னம். மே 4 மாலை 8 மணிக்கு நாடே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும், நீங்களும் நடையை நிறுத்தி நில்லுங்கள்.

ரயில் நிலையத்தைத் தாண்டித் தண்டவாளப் பாலத்தைக் கடந்தவுடன் வலதுபுறம் திரும்பினால் வான் லிம்பர்க் ஸ்டீரும்வெக். பத்து நிமிடத்தில் கல்லறைத் தோட்டம். நுழைவுச்சீட்டு தேவையில்லை. 1,700-க்கும் மேற்பட்ட கற்கள், மரங்கள் சூழ்ந்த புல்வெளியில். கற்களுக்கு முன்னால் இருக்கும் பூம்பாத்தியில் கால் படாமல், வரிசைகளுக்கு நடுவிலுள்ள புல்லில் நடங்கள். கல்லின் அடியில் உள்ள வரி அந்தந்தக் குடும்பம் எழுதிக் கொடுத்தது, மற்றவை அரசு வாசகம். அதனால் குனிந்து அடிவரியைப் படியுங்கள். பெயர் தெரியாதவர்கள் 240-க்கு மேல். அவர்களுடைய கல்லில் பெயருக்குப் பதில் 'கடவுள் அறிவார்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அருகருகே இரட்டைச் சகோதரர்கள் இருவரின் கற்கள் உண்டு, இருவரும் இறந்தது செப்டம்பர் 17 அன்று. போலந்து வீரர்கள் 79 பேரின் கற்கள் தனி வரிசைகளில், மேற்புறம் கூர்மையான வடிவில் இருப்பதால் தூரத்திலேயே தெரியும்.

1945 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒருவராக நின்று பூ வைக்கிறார்கள். பெயரில்லாத கல்லுக்கும் ஒரு பிள்ளை உண்டு. பூ வைக்க விரும்பினால் ஆர்னெமில் கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள், இந்தச் சாலையில் கடை கிடையாது. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அந்த மாதத்தில் வருவதென்றால் மூன்று மணிக்குள் இங்கே வந்துசேரும்படி காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்குங்கள்.